போர்ச்சின்னத்தைப் படம் எடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு

ஆத்தூர், முக்காணி, ஏரல், பழையகாயல் பக்கத்துப் பிள்ளைகள் கையில் இப்போது நல்ல கேமரா இருக்கிறது. கேமரா இல்லாதவன் கையிலும் கேமராவை மிஞ்சுகிற மொபைல் இருக்கிறது. சென்னைக்குப் போனால் மெரினா முனையில் போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் ஒரு படம், டெல்லிக்குப் போனால் இந்தியா கேட் முன்னால் ஒரு படம். திரும்பி வந்து என்னிடம் காட்டுகிறீர்கள். நூறு பேர் எடுத்ததும் ஒரே படமாக இருக்கிறது. ஸ்டூடியோ வைத்துப் பிழைத்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தைக் கிழவன் பேச்சென்று விட்டுவிடுங்கள்.

1. கிளம்புவதற்கு முன்னால், யார் யாரை வென்றதற்காக அந்தச் சின்னம் நிற்கிறது என்று தெரிந்துகொள்.

சென்னையில் இருப்பதையே எடுத்துக்கொள். கோட்டைக்குத் தெற்கே, நேப்பியர் பாலத்துக்குப் பக்கத்தில், காமராஜர் சாலை தொடங்குகிற இடம். சாலைகள் சுற்றி வளைத்துப் போகும் வட்டத்தின் நடுவே அது நிற்கிறது. அதன் முழுப் பேரிலேயே ‘வெற்றி’ உண்டு. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் நேச நாடுகள் ஜெயித்ததற்காகக் கட்டியது. ஜெயித்தது பிரிட்டன். செத்தவர்களில் மதராஸ் மாகாணத்து ஆட்கள் உண்டு. அந்த மாகாணம் அன்றைக்கு மலபாரிலிருந்து கஞ்சம் வரை நீண்டு கிடந்தது. நம்ம திருநெல்வேலிச் சீமையும் அதற்குள்தான். இந்தியாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். மெசபடோமியாவிலும் பிரான்ஸிலும் ஆப்பிரிக்காவிலுமாகத் திரும்பாமல் போனவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல்.

பிறகு இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களையும் அந்தச் சின்னத்தோடு சேர்த்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் 1948 காஷ்மீர்ப் போர், 1962 சீனப் போர், பாகிஸ்தான் போர் என்று சலவைக்கல்லில் வரிகள் ஏறின. இங்கே கொஞ்சம் நில், தம்பி. 1962இல் நாம் ஜெயிக்கவில்லை. ஆனாலும் வெற்றிச் சின்னத்தில் அந்த வருஷம் இருக்கிறது. வெள்ளைக்காரன் ஜெயித்ததற்குக் கட்டிய கல்லில், நாம் தோற்ற போரின் பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். இது தெரிந்து போகிறவன் எடுக்கிற படமும், கூகுள் மேப்பைப் பார்த்துப் போகிறவன் எடுக்கிற படமும் ஒன்றாக இருக்காது. முதல் ஆள் அந்த ‘1962’ எங்கே என்று தேடுவான்.

2. அது மெய்க்கீர்த்தியா நடுகல்லா என்று பார்.

வெற்றியைக் கல்லில் வெட்டுவது நமக்குப் புதிதில்லை. சோழன் கல்வெட்டு பலவற்றில் தானம் என்ன, நிலம் எவ்வளவு என்று சொல்வதற்கு முன்னால், ராஜா எந்தெந்த நாட்டை அடித்தான் என்று ஒரு நீளப் பட்டியல் வரும். அது மெய்க்கீர்த்தி. அதில் ராஜா பேர் இருக்கும், தோற்ற நாட்டின் பேர் இருக்கும், சண்டையில் செத்த குடியானவன் பேர் இருக்காது.

நடுகல் வேறு. ஆநிரை கவர்ந்த சண்டையில் விழுந்தவனுக்கு அவன் ஊர்க்காரர்கள் நட்டது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களில் தமிழ் பிராமி எழுத்து இருந்தது. செங்கம் பக்கத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் வரிசையாகக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் செத்தவன் பேரும் ஊரும் எந்தச் சண்டை என்பதும் இருக்கும். ராஜா பேர் காலத்தைச் சொல்ல மட்டும் வரும்.

உலகத்தில் எந்தத் தலைநகரத்துக்குப் போனாலும் போர்ச்சின்னம் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும், அல்லது ஒன்றாகத் தொடங்கி மற்றதாக மாறியிருக்கும். பாரீஸ் வெற்றி வளைவு 1806இல் நெப்போலியன் உத்தரவில் தொடங்கி 1836இல் முடிந்தது. உள்சுவர் முழுக்கத் தளபதிகள் பேர். சண்டையில் செத்த தளபதியின் பேருக்குக் கீழே மட்டும் ஒரு கோடு. சாதாரணச் சிப்பாய்க்கு அங்கே இடம் கிடைத்தது 1920இல்தான். அதுவும் பேர் தெரியாத ஒருவனாக, தரையில்.

நீ எடுக்கப்போவது மெய்க்கீர்த்தி என்றால் தூர நின்று உயரத்தைக் காட்டு. அது காட்டிக்கொள்ளத்தான் கட்டப்பட்டது. நடுகல் என்றால் கிட்டப் போ. பேர் வாசிக்கிற தூரத்துக்குப் போகாமல் எடுத்த நடுகல் படம் வெறும் பாறைப் படம்தான்.

3. முத்துநகர் எக்ஸ்பிரஸை விட்டு இறங்கின கையோடு மெரினாவுக்கு ஓடாதே.

வண்டி எழும்பூர் போய், நீ பல் தேய்த்து, ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். சென்னையில் ஜனவரியில் ஆறரையை ஒட்டியும், மே மாதக் கடைசியில் ஐந்தே முக்காலை ஒட்டியும் சூரியன் உதிக்கும். உனக்கு வேண்டியது அதற்கப்புறம் வருகிற முதல் ஒரு மணி நேரம். ஆகவே முதல் நாளை வேறு வேலைக்கு வைத்துக்கொள் (ஐந்தாவதில் சொல்கிறேன்). சின்னத்துக்கு மறுநாள் விடியலில் போ. ஞாயிற்றுக்கிழமை என்றால் வண்டித் தொந்தரவும் குறைவு.

ஏசி அறையில் படுத்திருந்தால், கேமராவைப் பையோடு அரை மணி முன்னதாகவே வெளியே எடுத்து வைத்துவிடு. இல்லையென்றால் கடற்கரையில் லென்ஸ் முழுக்கப் பனி படிந்து, துடைக்கத் துடைக்க மறுபடி படியும். உப்புக்காற்றைப் பற்றி நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்லவேண்டாம்.

4. எழுத்தைப் படம் எடுக்கக் கற்றுக்கொள். மற்றதெல்லாம் தானாக வரும்.

எனக்குத் தெரிந்து இதைச் சொல்லித் தருகிறவர்கள் குறைவு. கல்லில் வெட்டின எழுத்து, கறுப்பு மை போட்ட எழுத்து மாதிரி இல்லை. அதற்குச் சொந்த நிறம் கிடையாது; வெட்டின பள்ளத்தில் விழும் நிழல்தான் அதன் மை. நேர் எதிரே வெளிச்சம் இருந்தால் நிழல் விழாது, எழுத்து மறைந்துபோகும். ஃபிளாஷ் போட்டால் இன்னும் மோசம். பளபளப்பான சலவைக்கல்லில் உன் ஃபிளாஷின் வெள்ளைப் பொட்டு ஒன்றுதான் தெரியும்.

செய்யவேண்டியது இது. வெளிச்சம் பக்கவாட்டில் கல்லை உரசிக்கொண்டு வருகிற நேரத்தைப் பிடி. கிழக்கு பார்த்த கல்லுக்கு விடியற்காலை ஆகாது, வெயில் உச்சிக்கு ஏறும்போது மேலிருந்து சரிந்து விழுகிற அந்தக் கொஞ்ச நேரம் ஆகும். வடக்கு, தெற்கு பார்த்த கல்லுக்குக் காலையும் மாலையும் ஆகும். மேகமூட்டமாக இருந்தால் நண்பன் ஒருவனைக் கூட வைத்துக்கொண்டு, மொபைல் டார்ச்சைக் கல்லின் ஓரத்திலிருந்து சாய்த்து அடிக்கச் சொல். டார்ச் சாயச் சாய எழுத்து எழுந்து வரும். லென்ஸைக் கல்லுக்கு நேராகப் பிடி. சாய்த்துப் பிடித்தால் ஒரு வரி தெளிவாகவும் மறு வரி மங்கலாகவும் வரும். பளபளக்கிற கருங்கல்லில் உன் சட்டை தெரியும். வெள்ளைச் சட்டை போட்டுப் போகாதே.

ஒரு கண்டிப்பு. எழுத்து தெரியவேண்டுமென்று சுண்ணாம்போ சாக்பீஸோ தேய்க்காதே, தண்ணீர் ஊற்றாதே. கோயில் கல்வெட்டுகளில் நம்ம ஆட்கள் பெயின்ட் அடித்துவைத்திருக்கிற கூத்து போதும்.

பழகுவதற்குச் சென்னை வரை போகவேண்டாம். நம்ம ஆத்தூர் சோமநாதர் கோயில் சுவர் இருக்கிறது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அர்ச்சகரிடம் சொல்லிவிட்டுப் போய், ஒரே கல்வெட்டை அரை மணிக்கு ஒரு தரம் எடுத்துப் பார். எந்தப் படத்தில் எழுத்து கூட்டி வாசிக்க முடிகிறதோ அந்த நேரத்தைக் குறித்துக்கொள்.

5. தோற்றுப்போன வெற்றிச் சின்னங்களையும் பார்த்துவிட்டு வா.

முதல் நாளுக்கு வைத்த வேலை இதுதான். எழும்பூர் அரசு அருங்காட்சியகம், அப்புறம் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகம். இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றைக்குப் போய் வாசலில் நிற்காதே. கோட்டைக்குள் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இருப்பதால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

கர்னல் நீல் என்று ஒருவன். மதராஸ் படையைக் கூட்டிக்கொண்டு வடக்கே போய், 1857 எழுச்சியை அலகாபாத் பக்கம் அடக்குகிறேன் என்று கண்ட கண்ட ஆட்களையெல்லாம் தூக்கில் போட்டவன். லக்னோவில் செத்தான். அவனுக்கு மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். எழுபது வருஷம் போல அது அங்கே நின்றது. 1927இல் அதை அகற்றச் சொல்லிச் சத்தியாக்கிரகம் நடந்தது; முன்னால் நின்றவர் திருநெல்வேலி சோமயாஜுலு. நம்ம சீமை ஆள். பலர் ஜெயிலுக்குப் போனார்கள், சிலை அசையவில்லை. 1937இல் ராஜாஜி மந்திரிசபை வந்தபிறகுதான் பீடத்தை விட்டு இறக்கி எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். காட்சியில் இருக்கிறதா என்று டிக்கெட் கொடுக்கிற இடத்திலேயே கேள்.

கோட்டை அருங்காட்சியகத்தில் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் சிலை. ஆளுயரத்துக்கு மேல், சலவைக்கல்லில் லண்டன் சிற்பி தாமஸ் பேங்க்ஸ் செய்தது. வருகிறவன் எல்லாம் முகத்தை எடுத்துக்கொண்டு போகிறான். நீ குனிந்து பீடத்தைப் பார். 1792 மைசூர்ப் போர் முடிந்ததும் திப்புவின் இரண்டு மகன்களைப் பணயமாக வாங்கிக்கொண்ட காட்சி அங்கே செதுக்கியிருக்கிறது. சின்னப் பையன்கள். பெரியவனுக்குப் பத்து வயசு இருந்தால் அதிகம். ஒரு தேசத்தை வென்றதைக் காட்ட, தகப்பனிடமிருந்து பிள்ளைகளை வாங்குவதைச் செதுக்கிவைக்கத் தோன்றியிருக்கிறது பார். சிலையைத் தனியாக, பீடத்தைத் தனியாக, பிறகு பையன்களின் முகத்தை மட்டும் என்று மூன்று படம் எடு. மூன்றாவதுதான் நீ ஊருக்குக் கொண்டுவரவேண்டிய படம்.

6. நேரம் மிச்சமிருந்தால் உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் போட்ட குண்டு விழுந்ததற்குப் பதித்திருக்கும் கல்லைப் பார். 1914 செப்டம்பர் 22 ராத்திரி, துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. முதல் உலகப் போர் சென்னைக்கு நேரில் வந்துபோனது அந்த ஒரு ராத்திரிதான். போர்ச்சின்னத்தின் படத்தோடு இதையும் சேர்த்து வைத்தால் உன் தொகுப்புக்கு ஒரு கனம் வரும்.

7. எதை எடுக்கக் கூடாது என்பதில் வீரம் காட்டாதே.

சின்னத்துக்குப் பக்கத்திலேயே ஐ.என்.எஸ். அடையாறு கடற்படைத் தளம். எதிரே தீவுத்திடல் பக்கம் ராணுவ இடங்கள். கேமரா அந்தப் பக்கம் திரும்பவேண்டாம். ட்ரோன் வேண்டவே வேண்டாம். உள்ளே போகலாமா, ட்ரைபாட் வைக்கலாமா என்று காவலுக்கு நிற்பவரிடம் முதலிலேயே கேள். ‘சார், தூத்துக்குடியிலேர்ந்து வர்றோம்’ என்று மரியாதையாகச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் வழி சொல்வார்கள். முடியாது என்றால் முடியாது. வேலிக்கு வெளியே நின்று எடுக்கவும் படம் உண்டு. அவர் முகத்தை எடுக்கவேண்டுமென்றால் அதற்கும் கேள்.

8. மாலை வைக்கிற நாளில் போனால் கூட்டத்தில் ஒருவனாக இரு.

ஜனவரி 26 காலையில் அணிவகுப்புக்கு முன்னால் ஆளுநர் வந்து மலர்வளையம் வைப்பார். ஜூலை 26 கார்கில் நாள். டிசம்பர் 16இல் 1971 போரின் வெற்றி நாள். அன்றைக்கு முப்படை அதிகாரிகள் வருவார்கள், மெடல் குத்திக்கொண்டு ஓய்வுபெற்ற சிப்பாய்களும் வருவார்கள். எல்லாப் பத்திரிகைக் கேமராவும் மலர்வளையத்தின் மேல் இருக்கும். நீ அந்த வரிசையில் போய் முண்டாதே. நிகழ்ச்சி முடிந்து, பந்தல் நாற்காலி அடுக்குகிற நேரத்தில், பழைய சிப்பாய்கள் ஒருத்தர் கையை ஒருத்தர் விடாமல் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். போய் வணக்கம் சொல்லி, ‘ஐயா எந்த ரெஜிமென்ட்?’ என்று கேள். பேசவிடு. கடைசியில், ஒரு படம் எடுத்துக்கட்டுமா என்று கேள். அவராகவே சட்டையை நீவிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்பார்.

செத்தவரின் வீட்டுப் பெண்கள் வந்திருந்தால் அழுகிற நேரத்தில் லென்ஸை நீட்டாதே. பத்திரிகைக்காரன் எடுக்கிறானே என்றால், அவனுக்கு எடிட்டர் இருக்கிறார். உனக்கு நீதான்.

செல்ஃபி எடுத்துக்கொள், வேண்டாமென்று சொல்லவில்லை. சின்னத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு வேண்டாம். ரீல்ஸுக்குச் சினிமாப் பாட்டுப் போட்டு ஆடவும் வேண்டாம்.

9. டெல்லிக்குப் போனால் இந்தியா கேட்டோடு நிறுத்திவிடாதே.

முதலில் இந்தியா கேட். லட்யன்ஸ் வடிவமைத்தது. 1921 பிப்ரவரியில் அடிக்கல், 1931 பிப்ரவரியில் திறப்பு. உயரம் 42 மீட்டர். உச்சியில் ‘இந்தியா’ என்று ஆங்கிலத்தில் வெட்டி, இரண்டு பக்கமும் ரோமன் எண்ணில் 1914, 1919. சுவர் முழுக்கப் பதிமூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட பேர்கள். ராஷ்டிரபதி பவன் மேற்கே, இந்தியா கேட் கிழக்கே. அதனால் கர்த்தவ்ய பாதையில் நின்று பார்த்தால் காலையில் சூரியன் உன் கண்ணுக்கு எதிரே இருக்கும், வளைவு கறுத்துப்போய்த் தெரியும். எதிர்வெளிச்சத்தில் வளைவின் உருவம் மட்டும் போதும் என்றால் காலை. கல்லின் சிவப்பும் மஞ்சளும் வேண்டுமென்றால் மாலை. டிசம்பர், ஜனவரியில் மூடுபனி இருந்தால் இரண்டும் கிடையாது. அன்றைக்கு டீ குடித்துவிட்டுப் படுத்துக்கொள்.

வளைவுக்குப் பின்னால் ஒரு கல் மண்டபம் இருக்கிறது. முன்னே அதில் ஐந்தாம் ஜார்ஜ் நின்றான். 1968இல் அவனை அகற்றினார்கள். மண்டபம் அரை நூற்றாண்டுக்கு மேல் சும்மா கிடந்தது. 2022 செப்டம்பரில் நேதாஜி சிலை வந்தது. பழைய ஆல்பம் வைத்திருக்கிற வீடுகளில், டெல்லிச் சுற்றுலாப் படத்தில் அந்த மண்டபம் காலியாக இருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் எடுத்துப்போய், அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் இன்னொன்று எடு.

இதற்கப்புறம்தான் முக்கியமான இடம். இந்தியா கேட்டுக்குப் பக்கத்திலேயே தேசியப் போர் நினைவகம். 2019 பிப்ரவரி 25இல் திறந்தது. வடிவமைத்தவர் சென்னைக் கட்டடக் கலைஞர் யோகேஷ் சந்திரஹாசன்; உலகப் போட்டியில் ஜெயித்து வாங்கிய வேலை. நடுவில் பதினைந்து மீட்டர் சொச்சம் உயரத்தில் தூணும் அணையா விளக்கும். இந்தியா கேட்டுக்குக் கீழே 1972 முதல் எரிந்த அமர் ஜவான் ஜோதியை 2022 ஜனவரியில் இந்த விளக்கோடு சேர்த்துவிட்டார்கள். சுற்றிலும் வட்டத்துக்குள் வட்டமாகச் சக்கரங்கள். அதில் தியாகச் சக்கரம் என்கிற வட்டம்தான் நான் சொன்ன நடுகல். செங்கல் அளவுக்குக் கருங்கல், ஒரு கல்லுக்கு ஓர் ஆள். பேர், பதவி, படை எண், படைப்பிரிவு. திறந்த அன்றைக்கு 25,942 பேர். அதற்கப்புறமும் சேர்ந்துகொண்டே இருக்கிறது. 2020இல் சீன எல்லையில் கல்வானில் விழுந்த இருபது பேரும் சேர்ந்தார்கள். அதில் நம்ம பக்கத்து ஜில்லா, ராமநாதபுரம் கடுக்கலூர் ஹவில்தார் பழனி ஒருவர்.

இந்தியா கேட்டின் பேர்கள் உயரத்தில், கழுத்தை ஒடித்துப் பார்க்கிற இடத்தில் இருக்கின்றன. இங்கே கண்ணுக்கு நேரே, கைக்கெட்டும் தூரத்தில். ராஜா கட்டியதற்கும் குடியரசு கட்டியதற்கும் வித்தியாசத்தை எனக்குக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

டெல்லிக்கு டிக்கெட் எடுத்ததும் ஒரு வேலை செய். நம்ம பக்கத்து ஊர்களில் ராணுவத்தில் இறந்தவர் குடும்பம் இருக்கிறதா என்று விசாரி. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம். ஊரில் டீக்கடையில் கேட்டாலே தெரியும். வீட்டுக்குப் போய்ப் பேர், பதவி, படை எண், ரெஜிமென்ட், இறந்த வருஷம் ஐந்தையும் எழுதி வாங்கிக்கொள். பேருக்கு ராணுவத்தில் எப்படி ஸ்பெல்லிங் போட்டார்கள் என்பதையும் பழைய தாளைப் பார்த்துக் குறித்துக்கொள். நம்ம ‘முத்துக்குமாரசாமி’ அங்கே என்னவாகக் கிடக்கிறாரோ. இது இல்லாமல் இருபத்தைந்தாயிரம் கல்லில் ஓர் ஆளைத் தேட முடியாது. கண்டுபிடித்ததும் மூன்று படம்: அந்தக் கல் மட்டும், அக்கம்பக்கத்துக் கல்லோடு, முழுச் சுவரோடு. மூன்றிலும் எழுத்து வாசிக்கும்படி இருக்கிறதா என்று அங்கேயே பெரிசாக்கிப் பார்த்துக்கொள்.

10. பழைய படங்களைப் படி. கல்லில் கட்டாத வெற்றிச் சின்னமும் உண்டு.

1971 டிசம்பர் 16, டாக்கா ரேஸ் கோர்ஸ் மைதானம். மேஜை போட்டு பாகிஸ்தான் தளபதி நியாஸி கையெழுத்துப் போடுகிறார், பக்கத்தில் நம்ம தளபதி அரோரா. பாகிஸ்தான் தரப்பில் 93,000 பேர் கைதான சரணாகதி. நம்ம நாட்டில் அதிகம் அச்சான படங்களில் அது ஒன்று. எல்லோரும் மேஜையைப் பார்க்கிறார்கள். நீ பின்னால் நிற்கிறவர்களைப் பார். வெள்ளை உடையில் நிற்கும் கடற்படைக்காரர் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர். கிழக்குக் கடற்படைக்கு அப்போது அவர்தான் தலைவர். விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அந்தக் கடற்போர் வெற்றிக்கு 1996இல் தனிச் சின்னமே வைத்திருக்கிறார்கள்.

அந்தப் படத்தில் இடம் நெருக்கடி. ஆட்கள் முண்டிக்கொண்டு எட்டிப் பார்க்கிறார்கள், மேஜை சாதாரண மேஜை. அழகுக்காக யாரும் எதையும் ஒதுக்கிவைக்கவில்லை. அதனால்தான் ஐம்பது வருஷம் கழித்தும் நம்புகிறோம். நீ எடுக்கிற சின்னத்துக்கு முன்னால் ஐஸ்வண்டி நின்றால் நிற்கட்டும். எடிட்டிங்கில் அழிக்காதே.

11. கொழும்புக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை.

2011இல் சில மாதம் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் ஓடியது, பிறகு நின்றுபோனது. வியாபாரத்துக்கும் உறவுக்கும் போய்வருகிறவர்கள் நம்ம கரையில் எப்போதும் உண்டு. அங்கே ஸ்ரீ ஜெயவர்த்தனபுர கோட்டையில், பாராளுமன்றத்தை ஒட்டி, 2009இல் முடிந்த உள்நாட்டுப் போரின் வெற்றியை அரசு கொண்டாடுகிற நினைவிடம் இருக்கிறது. அதே நகரத்தில் இந்திய அமைதிப்படையில் இறந்தவர்களுக்கும் ஒரு நினைவிடம் உண்டு, பேர்களோடு. ஒவ்வொரு மே 19ஐ ஒட்டியும் தலைநகரில் ராணுவ விழா. அதற்கு முந்தின நாள், அந்தப் போர் முடிந்த முள்ளிவாய்க்காலில், பிள்ளைகளைப் பறிகொடுத்த அம்மாக்கள் விளக்கேற்றுகிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகள் வைத்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூணை 2021 ஜனவரியில் ஒரு ராத்திரி இடித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பி, அதே ஆண்டில் மறுபடி கட்டினார்கள்.

இப்படி இடிப்பது அங்கே மட்டும் நடந்ததில்லை. சிங்கப்பூரில் நேதாஜி 1945 ஜூலையில் இந்திய தேசிய ராணுவத்து வீரர்களுக்கு ஒரு சின்னத்துக்கு அடிக்கல் நாட்டிக் கட்டவைத்தார். அந்தப் படையில் மலேயாத் தோட்டத்துத் தமிழர்கள் ஏராளம். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ்காரன் முதல் வேலையாக அதை இடித்தான். ஜெயித்தவன் தன் கல்லை நடுவதோடு நிற்பதில்லை. தோற்றவன் கல்லையும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான்.

கொழும்பில் வெற்றிச் சின்னத்தைப் படம் எடுக்கலாமா என்று ஒரு தங்கச்சி கேட்டாள். எடு, ஆனால் தனியாகப் போடாதே என்றேன். அதற்குப் பக்கத்தில் வைக்க இன்னொரு படம் உன்னிடம் இருக்கவேண்டும். அது இல்லாதவரை அந்தப் படம் முடியவில்லை. அங்கே இருக்கும்போது அரசியல் பேச்சை வாயில் எடுக்காதே. உனக்கு ஆபத்து என்பதைவிட, உன்னை வீட்டில் தங்கவைத்தவர்களுக்குத் தொந்தரவு.

12. பழகுவதற்குப் பாஞ்சாலங்குறிச்சி.

தூத்துக்குடி போய் பஸ் மாறினால் ஒரு காலை நேரத்து வேலை. 1799இல் கும்பினித் தளபதி பானர்மேனின் படை வந்தது, கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கில் போட்டார்கள். 1801இல் கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை மறுபடி மோத, கோட்டையை மண்ணோடு மண்ணாக்கினார்கள். ஜெயித்தவன் அங்கே விட்டுப்போனது செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகள். தோற்றவனுக்குத் தமிழக அரசு 1974இல் நினைவுக்கோட்டை கட்டியது. கூட்டம் கோட்டைக்குப் போகிறது, கல்லறைப் பக்கம் ஆடு மேய்கிறது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே லென்ஸில் எடுத்துப் பார். சென்னையையும் டெல்லியையும் பிறகு பார்க்கலாம்.

பட்டுக்கோட்டைப் பக்கம் போனால் மனோராவையும் விடாதே. நெப்போலியன் வீழ்ந்ததற்குத் தஞ்சாவூர் சரபோஜி 1814-15இல் கடற்கரையில் எட்டு நிலைக் கோபுரம் எழுப்பினார். யாரோ யாரையோ எங்கேயோ ஜெயித்ததற்குச் சேதுபாவாசத்திரத்தில் ஒரு கோபுரம்! கும்பினிக்காரனைக் குளிர்விக்க ராஜாக்கள் என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள்.

13. படத்துக்குப் பின்னால் எழுது.

மொபைல் தேதியைக் காட்டும், இடத்தையும் காட்டும். எந்தப் போர், எந்தப் பக்கத்துக் கல், எழுத்து என்ன சொல்கிறது என்பதை அது சொல்லாது. அன்றைக்கு ராத்திரியே நோட்டில் எழுதிவை. கல்லில் இருக்கிற வாசகத்தை அப்படியே பெயர்த்தெழுது, பிழையிருந்தால் பிழையோடு. படத்தை இரண்டு இடத்தில் சேமி. ஒரே மெமரி கார்டை நம்பி டெல்லி வரை போய்வராதே.

ஒன்பதாவதில் சொன்ன வீட்டுக்குப் படத்தைக் கொடுக்கப் போகிறாயே, அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கடமையைக் கழிக்காதே. பன்னிரண்டுக்குப் பத்தில் பிரின்ட் போடு. மேட் தாளில் போடு. பளபளப்புத் தாளில் போட்டால், அவர்கள் வீட்டு ட்யூப்லைட் வெளிச்சத்தில் பேர் இருக்கிற இடம்தான் முதலில் கண்ணைக் கூசும். கண்ணாடி பிரேமும் வேண்டாம், அதுவும் கூசும். பின்னால் ஆணியில் மாட்டக் கம்பி கட்டிக்கொண்டே போ. அவர்கள் வீட்டில் சுத்தியல் தேடவிடாதே.